தொற்றாளர் தொகையும் கற்றோர் தீர்ப்பும்

கொரோனாப் பெருந்தொற்று எமது நாட்டைப் பீடித்திருந்த 2020, 2021ஆம் ஆண்டுகளில் நாள்தோறும் மாலையில் ஓர் எண் அறிவிக்கப்பட்டது. மறுநாட் காலையில் ஒரு தீர்ப்பு வழங்கப்பட்டது. எண்ணை அறிவித்தது அரசு. தீர்ப்பை வழங்கியோர் கற்றோர். எண் நாளுக்கு நாள் மாறியது. தீர்ப்போ ஒருநாளும் மாறவில்லை. "எங்கள் சனத்துக்கு ஒழுக்கம் இல்லை" என்பதே அத்தீர்ப்பு. மக்கள் அறியாமையுடையோர், சொற்கேளாதோர், கடை திறந்தால் முண்டியடிப்போர், நோயை மறைப்போர்; ஆதலாலேயே தொற்றாளர் தொகை ஏறுகின்றது என்று பத்திரிகைத் தலையங்கங்களும் தொலைக்காட்சி உரையாடல்களும் விரிவுரையாளர் ஓய்வறைகளும் ஒரே குரலிற் கூறின. நோய் தணிந்து ஆண்டுகள் சில கழிந்த பின்னரும் இத்தீர்ப்பு மீள ஆராயப்படாது, நிறுவப்பட்ட வரலாற்றுண்மை போல நிலைபெற்றுவிட்டது. அடுத்ததொரு தொற்று வரும்போது இதுவே முதற்பாடமாக எடுத்தோதப்படும் என்பதில் ஐயமில்லை. ஆகவே இதனை இப்பொழுதே மறுத்துரைத்தல் வேண்டும். எமது மக்கள் அந்நாட்களில் நடந்துகொண்ட முறை, பெரும்பாலும், அவர்களுக்கு அந்த எண் எவ்வாறு அறிவிக்கப்பட்டதோ அதற்கு ஏற்ற முறையாகவே இருந்தது என்பது இக்கட்டுரையின் துணிபு.

முதலில் அந்த எண்ணையே நோக்குவோம். ஒரு நாளில் அறிவிக்கப்படும் தொற்றாளர் தொகை, அந்நாளில் நாட்டிலே நோயுற்றிருந்தோர் தொகையன்று. பரிசோதிக்கப்பட்டோருள் எத்தனை பேரிடம் தொற்றுக் காணப்பட்டது என்பதை மட்டுமே அது கூறும். ஆயிரம் பேரைச் சோதித்து ஐம்பது பேரைக் கண்ட ஒருநாளையும் பதினாயிரம் பேரைச் சோதித்து இருநூறு பேரைக் கண்ட மற்றொரு நாளையும் எடுத்துக்கொண்டால், இரண்டாவதே நெஞ்சை நடுங்க வைக்கும். ஆயின் நூற்றுக்கு ஐந்து என்பது நூற்றுக்கு இரண்டினும் பெரிது. சோதிக்கப்பட்டோர் எத்தகையோர், நோய்க்குறி உடையோரா, தொடர்புடையோரா, வீதியில் மறிக்கப்பட்டோரா என்பது தெரியாதவிடத்து இவ்விகிதமும் ஏமாற்றும். இதற்கும் மேலாக, கிருமி உடலினுட் புகுந்து நோய்க்குறி தோன்ற ஐந்தாறு நாட்கள் ஆகும். சிலரிடத்துப் பதினான்கு நாட்கள் வரையும் ஆகலாம். அதன்பின் சோதனை, சோதனையின் பின் முடிவு. எனவே இன்றைய எண் சொல்வது ஒரு கிழமைக்கு அல்லது பத்து நாட்களுக்கு முந்திய கதையாகும். மரணத் தொகையோ இன்னும் பிந்தியது. 2021இல் ஒரே நாளில் அறிவிக்கப்பட்ட மரணங்களுட் சில வாரங்களுக்கு முன்னர் நிகழ்ந்தவையும் சேர்ந்திருந்தன. இவ்வாறிருக்க, நேற்றைய சந்தைக் கூட்டத்தின் படத்தையும் இன்றைய தொற்றாளர் தொகையையும் அருகருகே வைத்து ஒன்றை மற்றதற்குக் காரணமாகக் காட்டியோர் விஞ்ஞானங் கற்றவர்கள் என்பதுதான் விந்தை.

இத்தகைய பிழைவாசிப்பு எமது நாட்டிற்கு மாத்திரம் உரியதன்று. அயலிலுள்ள கேரளத்தில் 2021இன் நடுப்பகுதியில் நாளாந்தத் தொகை இந்திய மாநிலங்கள் பலவற்றினும் மேலோங்கி நின்றது. கேரளத்தின் பொதுச் சுகாதாரப் பெருமை வீழ்ந்தது என எழுதினோர் பலர். அவ்வாண்டு யூன், யூலை மாதங்களில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் குருதிச் சோதனை மூலம் நடத்திய ஆய்வில், கேரள மக்களுள் நூற்றுக்கு 44 பேரிடமே கிருமிக்கெதிரான பிறபொருளெதிரி காணப்பட்டது; மத்தியப் பிரதேசத்திலோ அது நூற்றுக்கு 79. அதாவது மிகக் குறைவாகத் தொற்றிய மாநிலமே மிக அதிகமான எண்ணைக் காட்டிற்று. தேடிய இடத்திற் கண்டனர். தேடாத இடத்திற் காணவில்லை.

எண்ணின் பருமனைவிட எமது நாட்டில் அது அறிவிக்கப்பட்ட பாங்கே பெருந்தீங்கு விளைத்தது. 2020ஆம் ஆண்டின் செய்தி அறிக்கைகளை மீளப் படிப்போர் ஒன்றைக் காண்பர். தொற்றாளர் தொகை தனித்தொகையாக வருவதில்லை, பகுத்தே வழங்கப்பட்டது. கடற்படையினர் இத்தனை பேர், குவைத்திலிருந்து வந்தோர் இத்தனை பேர், பிற நாடுகளிலிருந்து திரும்பியோர் இத்தனை பேர். இறுதியில் ஓர் ஆறுதல் வாக்கியம்: "சமூகத்திலிருந்து எவரும் இனங்காணப்படவில்லை." நோயியலாளர் இப்பகுப்பினைச் செய்ததற்குத் தக்க காரணம் உண்டு. நோய் எவ்வழியாகப் பரவுகின்றது என்பதை அறிய அவர்களுக்கு அது தேவை. ஆனால் அவ்வாக்கியம் மக்கள் செவியில் எவ்வாறு விழுந்தது? குவைத்திலே வீட்டு வேலை செய்து, வேலையிழந்து, 2020 மே மாதத்தில் விமானமேறி வந்த பெண், சமூகத்தைச் சேர்ந்தவளல்லள் என்றே விழுந்தது. அவளைப்போல் மத்திய கிழக்கிலே கைவிடப்பட்டு நின்ற பல்லாயிரவர், விமான நிலையம் மூடப்பட்டிருந்தமையால் மாதக்கணக்கிற் காத்துக் கிடந்தனர். அவர்களை அழைத்து வரவேண்டாம் என்று வெளிப்படையாகவே பேசப்பட்டது. அதே 2020ஆம் ஆண்டில் வெளிநாடுகளில் உழைப்போர் இந்நாட்டிற்கு அனுப்பிய பணம் ஏறத்தாழ 710 கோடி அமெரிக்க டொலர். பணம் சமூகத்தினுள் வரலாம். அதனை உழைத்தவர் வரலாகாது!

'கொத்தணி' என்ற சொல்லும் இக்காலத்திலேயே வீடுதோறும் புகுந்தது. அதற்கு முன்னர் எம்மவர் அச்சொல்லைக் கொத்தணிப் பாடசாலை, கொத்தணிக் குண்டு ஆகிய இரண்டிடங்களில் மட்டுமே அறிந்திருந்தனர். 2020 ஒக்டோபர் தொடக்கத்தில் ஆடைத் தொழிற்சாலையொன்றில் தொற்றுக் கண்டறியப்பட்டதும் 'மினுவாங்கொடைக் கொத்தணி' பிறந்தது; அம்மாத நடுப்பகுதி கழிந்ததும் 'பேலியகொடை மீன்சந்தைக் கொத்தணி' பிறந்தது. நோய்க்கு ஊரும் தொழிலும் பெயராயின. விளைவு உடனே தெரிந்தது. மீனை வாங்குவோர் இல்லை. கரையோர மீனவர் பிடித்த மீனைக் கொட்ட வேண்டியதாயிற்று. மீன் உண்பதால் நோய் வராது என்பதைக் காட்டுவதற்கு முன்னாட் கடற்றொழில் அமைச்சர் திலிப் வெதஆராச்சி, அவ்வாண்டு நவம்பரில், பத்திரிகையாளர் முன்னிலையிற் பச்சை மீனைக் கடித்து உண்டார். கற்றோர் சிரித்தனர். மீனை வாங்க மறுத்த மக்களின் மடமையையும் எண்ணிச் சிரித்தனர். ஆனால் மீன்சந்தையின் பெயரால் நோயை நாள்தோறும் அழைத்துக்கொண்டு, மீனை மட்டும் அஞ்சாதே என்றால் யார் கேட்பர்? மக்கள் பிழையாக வாசிக்கவில்லை; எழுதிக் கொடுக்கப்பட்டதையே வாசித்தனர்.

யாழ்ப்பாணத்தவராகிய நாமும் இதற்கு விலக்கல்லோம். 2020 மார்ச் நடுப்பகுதியில் அரியாலையில் ஆராதனை நடத்திச் சென்ற, சுவிற்சர்லாந்திலிருந்து வந்த போதகரோடு தொடர்புற்றோரிடம் தொற்றுக் கண்டறியப்பட்டபோது, எமது பேச்சு கிருமியைப் பற்றியதாகவா இருந்தது? சிறு சபைகளைச் சேர்ந்த ஏழைக் கிறித்தவர்களைப் பற்றியதாகவே இருந்தது. ஐரோப்பாவிலிருந்து அம்மாதத்திற் கலியாணத்துக்கும் கோயிற் கொடியேற்றத்துக்கும் வந்துபோன எமது உறவினரைப் பற்றி அத்தகைய ஐயம் எழவில்லை.

'மக்கள் நோயை மறைக்கின்றனர்' என்ற குற்றச்சாட்டை இப்பின்னணியில் வைத்தே நோக்குதல் வேண்டும். ஒருவர் எண்ணினுள் அகப்பட்டால் அவருக்கு நேர்வது என்ன? வாயிற்படலையில் அறிவித்தல் ஒட்டப்படும். அயலார் குரல் தாழ்த்திப் பேசுவர். நாட்கூலியாயின் குடும்பத்தின் உலை அணையும். சுதந்திர வர்த்தக வலயத் தொழிலாளியாயின், வாடகை அறையிலிருந்து சிறிது நேர அவகாசத்திற் படையினரின் பேருந்திலேற்றி, எங்கெனத் தெரியாத தனிமைப்படுத்தல் நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்படுவார். 2020 ஒக்டோபரில் கட்டுநாயக்க, சீதுவைப் பகுதிகளில் இவ்வாறு நடந்தது. இத்தனையும் அறிந்த ஒருவர் காய்ச்சலை மறைத்துப் பரசிற்றமோலை விழுங்கிக்கொண்டு வேலைக்குப் போவாராயின், அதனை அறியாமை என்பதா, கணக்கு என்பதா? எண்ணப்படுவதற்கு மக்கள் அஞ்சினர் என்பது மெய். எண்ணுமாறு கேட்டோரும் இருந்தனர் என்பதை மறத்தலாகாது. அளவுக்கு மீறி அடைக்கப்பட்டிருந்த மகர சிறைச்சாலையில், பரிசோதனையும் பாதுகாப்பும் கோரிக் கைதிகள் கிளர்ந்த 2020 நவம்பர் 29ஆம் திகதிச் சம்பவத்தில் பதினொருவர் உயிரிழந்தனர்.

2021 ஏப்ரிலில் நிகழ்ந்தது இவை எல்லாவற்றினும் தெளிவான சான்றாகும். சித்திரைப் புத்தாண்டுக்குப் பயணக் கட்டுப்பாடு ஏதும் விதிக்கப்படவில்லை. கடைகள் திறந்திருந்தன; விழாக்களுக்கு அனுமதி இருந்தது; மக்கள் ஊருக்குச் சென்றனர். அம்மாத இறுதியிலிருந்து தொகை ஏறிற்று. மே மாதத்தில் நாளொன்றுக்கு மூவாயிரத்தைத் தொட்டது. உடனே நாளாந்த அறிக்கையிற் 'புத்தாண்டுக் கொத்தணி' என்ற புதுத் தலைப்பு முளைத்தது. ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழக ஆய்வுகூடம், விரைந்து பரவும் அல்பாத் திரிபு நாட்டினுள் நுழைந்துவிட்டமையை அதே ஏப்ரிலில் எடுத்துக்காட்டியிருந்தது. ஆயின் கொத்தணிக்கு அத்திரிபின் பெயர் வைக்கப்படவில்லை. அதனை உள்ளே விட்ட எல்லைக் கட்டுப்பாட்டின் பெயரும் வைக்கப்படவில்லை. மக்கள் கொண்டாடிய பண்டிகையின் பெயரே வைக்கப்பட்டது. பெயர் வைத்தலிலேயே தீர்ப்பு எழுதப்பட்டாயிற்று. மறுநாள் அதனைப் பிரதிபண்ணுதலே கற்றோருக்கு எஞ்சிய வேலை.

நடமாட்டத் தடைகளைக் குறித்தும் இதே போன்று சில சொல்லவேண்டியுள்ளது. 2020 மார்ச் 20இல் தொடங்கியது ஊரடங்குச் சட்டம். 2021 மே 21 முதல் யூன் 21 வரை இருந்தது பயணத்தடை. ஓகஸ்ட் 20 முதல் ஒக்டோபர் 1 வரை இருந்தது தனிமைப்படுத்தல் ஊரடங்கு. இடையிலே தனித்தனிக் கிராம அலுவலர் பிரிவுகளுக்கு 'முடக்கம்'. அடையாள அட்டையின் இறுதி இலக்கம் பார்த்து வெளிச்செல்லும் முறையும் இருந்தது. இத்தனை பெயர்களின் சட்ட வேறுபாட்டை விளங்கிக்கொள்ளச் சட்டத்தரணிகளே இடர்ப்பட்டனர். முதலாவது ஊரடங்கின்போது மாத்திரம் கைதானோர் அறுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர். அவர்கள் யாவரும் ஒழுக்கங் கெட்டோராயின், அத்துணைப் பெருந்தொகையினரை அவ்வாறு ஆக்கியது யாது என்றாவது எவரேனும் வினவினரா?

ஆனால் எந்தப் பெயரில் வந்தபோதிலும் தடை எல்லோருக்கும் ஒன்றாக இருக்கவில்லை. தேயிலைக் கொழுந்து ஊரடங்கை அறியாது. பெருந்தோட்டங்களுக்கு 2020 மார்ச்சிலேயே விலக்களிக்கப்பட்டது. நாடே வீட்டினுள் இருந்தபோது, அந்நாளில் 700 ரூபா அடிப்படைச் சம்பளம் பெற்ற தொழிலாளர் மலையேறிக் கொழுந்து பறித்தனர். மாலையில், ஒருவரிலிருந்து ஒருவர் ஆறடி விலகி நிற்க இடமில்லாத லயத்து அறைகளுக்குத் திரும்பினர். 2021 மேயில் 'பயணத்தடை' நிலவியபோதும் ஆடைத் தொழிற்சாலைகள் இயங்கின. தொழிலாளர் பேருந்துகளில் நெருங்கிப் பயணஞ் செய்தனர். தடையின் பெயர் பயணத்தடை! மத்தியதர வர்க்கம் வீட்டினுள் இருத்தல் சாத்தியமாவதற்கு, வேறொரு வர்க்கம் வெளியே இருக்கவேண்டியிருந்தது. வெளியே இருந்த அவ்வர்க்கத்தையே வெளியே இருந்தமைக்காகக் கடிந்துகொண்டோம்.

இதிற் புதுமை ஏதுமில்லை என்பதை வரலாறு கற்போர் உணர்வர். 2020இல் அரசு துணைக்கொண்ட சட்டம், 1897ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தனிமைப்படுத்தல், நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டமாகும். பம்பாயிற் கொள்ளைநோய் 1896இல் வெடித்ததைத் தொடர்ந்து குடியேற்ற அரசுகள் இயற்றிய சட்டங்களின் வழிவந்தது அது. அக்காலத்தில் நோய் என்றதும் ஆட்சியாளரின் கண் சென்ற இடம், தென்னிந்தியாவிலிருந்து தோட்டங்களுக்கு வந்த கூலிகள். மன்னாரிலிருந்து மாத்தளை நோக்கிய வடபாதையில் வாந்திபேதியால் அவர்கள் மடிந்தபோது, நீரும் நிழலும் இன்றி நடத்திச் செல்லப்பட்டமை காரணமாகக் கொள்ளப்படவில்லை. அவர்கள் நோயைச் சுமந்து வருவோர் என்பதே பதியப்பட்டது. பின்னர் இராமேசுவரத்தை அடுத்த மண்டபத்தில், இந்திய மண்ணிலேயே, இலங்கை அரசு முகாம் நடத்திற்று. தோட்டத்துக்கு வருவோர் அங்கே சில நாட்கள் தடுத்து வைக்கப்பட்டு, ஆடைகள் கிருமிநீக்கப்பட்டு, அம்மைப்பால் குத்தப்பட்ட பின்னரே கப்பலேற விடப்பட்டனர். உழைப்பு வேண்டும், உழைப்பவன் ஐயத்துக்குரியவன். குவைத்திலிருந்து வந்த பெண்ணையும் மினுவாங்கொடைத் தொழிலாளியையும் நோக்கிய கண் மண்டபம் முகாமில் இருந்த அதே கண்தான்.

இவ்விடத்து ஒரு மறுப்பு எழலாம். அவ்வாறாயின் தடைகளே வேண்டாம் என்கிறீரா என்று கேட்கப்படும். அன்று. 2021 ஓகஸ்டில் டெல்டாத் திரிபு பரவி, வைத்தியசாலைகள் நிரம்பி வழிந்தபோது, நாட்டை மூடுமாறு மருத்துவ அமைப்புக்கள் மன்றாடின, அரசு இழுத்தடித்தது, ஓகஸ்ட் 20இன் பின்னரே மூடிற்று. அம்மாத இறுதியில் நாளாந்த மரணங்கள் இருநூறைத் தாண்டின. அப்பொழுது வேண்டியிருந்தது தடையே. ஆனால் தடை என்பது கட்டளை மட்டுமன்று. கட்டளைக்குக் கீழ்ப்படிவதற்கான பொருளும் சேர்ந்ததே தடை. குறைந்த வருமானமுள்ள குடும்பங்களுக்கு 2020 ஏப்ரிலிலும் மேயிலும் வழங்கப்பட்டது மாதம் 5,000 ரூபா. 2021 ஓகஸ்டில் வழங்கப்பட்டது 2,000 ரூபா. இரண்டாயிரம் ரூபாவுடன் ஆறு கிழமை வீட்டினுள் இருந்து காட்டவல்லார் எவரேனும் இருப்பின், அவர் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசும் உரிமை பெற்றவர்.

கேகாலையில் நாட்டு வைத்தியர் ஒருவரின் பாணியை வாங்க 2020 டிசம்பரிற் பல்லாயிரவர் திரண்டனரே, அதனையுமா நியாயப்படுத்துவது என்று கேட்போரும் உளர். அப்பாணியைச் சுகாதார அமைச்சரே பலர் காண அருந்தினார் என்பதை இக்கேள்வியைக் கேட்போர் வசதியாக மறந்துவிடுவர். அமைச்சர் குடித்ததைக் குடிமக்கள் நாடியது கீழ்ப்படியாமையா?

இனி, எழுதக் கூசும் ஒன்று. 2020 ஏப்ரில் 11ஆம் திகதிய வர்த்தமானி அறிவித்தல், இத்தொற்றினால் இறந்தோர் யாவரையும் எரித்தல் வேண்டுமென விதித்தது. அடக்கஞ் செய்யலாம் என உலக சுகாதார நிறுவனம் கூறியிருந்தது. நிலத்தடி நீர் மாசுறும் என்றொரு காரணம் இங்கே உற்பத்தி செய்யப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில், பிறந்து இருபது நாட்களேயான முஸ்லிம் குழந்தையொன்று பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாக எரிக்கப்பட்டது; பொறளை மயானத்தின் வேலியில் மக்கள் வெண்துணி கட்டினர். இக்காலத்தில் முஸ்லிம்கள் வைத்தியசாலைக்குச் செல்ல அஞ்சினர். இதனையும் 'நோயை மறைத்தல்' என்ற கணக்கிலேயே எழுதிக்கொண்டோம். இறந்தால் உடலும் கிடையாது என்று தெரிந்த ஒருவர், மூச்சுத் திணறும்வரை வீட்டிற் கிடந்தமைக்குக் காரணம் அறியாமையன்று. இலங்கை மருத்துவச் சங்கம் 2021 சனவரியில் அடக்கத்துக்குத் தடையில்லை என வெளிப்படையாகக் கூறிற்று, அது போற்றற்குரியது. விதி மாற்றப்பட்டது பெப்ரவரி இறுதியில். மார்ச் 5 முதல் ஓட்டமாவடியில், நாட்டின் எல்லாத் திசைகளிலிருந்தும் கொண்டுவரப்பட்டோர் அடக்கப்பட்டனர். 2024 யூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரிற்று. தமிழ்ப் புத்திஜீவிகளாகிய நாம் அக்காலத்தில் எழுதியவை எத்தனை பக்கம்?

இறுதியாக, இம்மலரின் வாசகருக்கு மிக அண்மையில் உள்ள ஓர் எண். 2020 மார்ச்சிற் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபின் விரிவுரைகள் சூமினூடாக நடந்தன. அவற்றுக்கான தரவுக் கட்டணம் நீக்கப்பட்டிருந்தமை உண்மையே. சமிக்ஞையை எவரும் இலவசமாக வழங்கவில்லை. மலையகத் தோட்டங்களிலும் வன்னியின் உட்கிராமங்களிலும் ஊவாவின் மலைச்சரிவுகளிலும் மாணவர் பாறையேறியும் மரமேறியும் விரிவுரை கேட்டனர். ஒரு கைப்பேசியை மூன்று சகோதரர் பங்கிட்ட வீடுகள் இருந்தன. விரிவுரை முடிந்ததும் வருகை தந்தோர் தொகை திரையில் தோன்றியது. நூற்றிருபது பேர் பயிலும் வகுப்பில் நாற்பது பேர் என்றால், "பிள்ளைகளுக்கு அக்கறையில்லை" என்ற தீர்ப்பும் உடனே தோன்றியது. மழையில் நனைந்த பாறையினின்றும் இறங்கி, இணைப்பு அறுந்து, வீடு திரும்பிய மாணவிக்கும் போர்வைக்குள் உறங்கிக் கிடந்த மாணவனுக்கும் அன்றைய வருகைப் பதிவிற் கிடைத்தது ஒரே சுழியம்.